ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு

மூன்று நாளாக அந்த ஃபியட் தும்மிக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றும். ஒரு நொடி பிடிக்கும். பிடித்த வேகத்தில் உடம்பெல்லாம் குலுங்கி, கார்பரேட்டர் வாய் வழியாக ‘டப்’பென்று ஒரு தும்மல், சைலன்சரில் ஒரு வெடி, அவ்வளவுதான், அணைந்துபோகும். அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. பதினோரு மாதம் அக்கக்காகப் பிரித்துப்போட்டு, சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் ஏற்றி, ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து முறுக்கி ஞானராஜ் தன் கையாலேயே கட்டிய இஞ்சின். ஞானராஜ் கட்டிய இஞ்சின் ஓடவில்லை என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நாசர் சண்டைக்கே போயிருப்பான்.

திருச்சி ரோட்டில், வடமதுரை போகிற பக்கம், தகரக் கூரை போட்ட அந்த ஷெட்டில் இருபத்தெட்டு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை பார்த்தார்கள். இஞ்சின் ஞானராஜின் பாடு, கரண்டு நாசரின் பாடு. ஞானராஜுக்கு அறுபத்தொன்று, நாசருக்கு ஐம்பத்து நாலு. ஞானராஜ் மேட்டுப்பட்டி, நாசர் பேகம்பூர். நோன்புப் பெருநாளுக்கு நாசர் வீட்டில் முதல் தட்டு ஞானராஜுக்கு. கிறிஸ்துமஸுக்கு ஞானராஜின் மனைவி ஐரின் சுடுகிற அதிரசத்தில் ஒரு தூக்கு பேகம்பூருக்கு. கூடப் பிறந்தவர்களிடம் இருக்கிற மனஸ்தாபம்கூட இவர்களுக்குள் வந்ததில்லை.

ஃபியட் ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் பழனிக்குமாருடையது. அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்ததைக் கொண்டுவந்து போட்டிருந்தார். எல்லா வேலையும் முடிந்து, இஞ்சினை வண்டியில் இறக்கிய வாரம் நாசர் ஊரில் இல்லை. சித்தையன்கோட்டையில் மச்சான் மகள் கல்யாணம். காத்திருக்கப் பொறுக்காமல் ஞானராஜே, பொறியை நாலு சிலிண்டருக்கும் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரை உட்கார வைத்து, பிளக் வயர்களையும் மாட்டி முடித்துவிட்டார். நாசர் திரும்பி வந்த அன்றுதான் தும்மல் ஆரம்பித்தது.

“கரண்டுல கோளாறுடா. இஞ்சின்ல ஒண்ணும் இல்ல. நீ பாரு” என்றார் ஞானராஜ்.

நாசர் பார்த்தான். முதல் நாள் பாயின்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளியை அளந்து வைத்தான். பிளக் வயரை உருவி பாடியின் பக்கத்தில் பிடித்தால் பொறி சடசடவென்று நீலமாகப் பாய்ந்தது. பொறியில் குறை இல்லை. இரண்டாம் நாள் கண்டன்ஸரைச் சந்தேகப்பட்டான். இப்போது கடையில் வருகிற புதுக் கண்டன்ஸர் பாதிக்குப் பாதி உயிரில்லாமல்தான் வருகிறது. பழைய அம்பாசிடர் ஒன்றில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டினான். காயிலை மாற்றினான். ரோட்டரைச் சுரண்டிப் பார்த்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருக்குமோ என்று வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்றாம் நாள் நாலு பிளக்கையும் மாற்றி, பல்பு வைத்து டைமிங் பிடித்தான். எல்லாம் சரி. வண்டி மட்டும் தும்மியது.

பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நாலு கறுப்பு வயர் கிளம்பி, ஒரு தகரக் குழாய்க்குள் ஒன்றாகப் போய், அந்தப் பக்கம் பிரிந்து நாலு பிளக்குக்கும் போகிறது. எந்த சிலிண்டருக்கு அடுத்து எது வெடிக்க வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. ஃபியட்டுக்கு ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. வரிசை பிசகினால் எவ்வளவு நல்ல பொறியும் தப்பான நேரத்தில்தான் போய்ச் சேரும். வேறு யார் மாட்டியிருந்தாலும் நாசர் முதல் வேலையாக அதைத்தான் பார்த்திருப்பான். மாட்டியது ஞானராஜ். அவர் மாட்டியதைச் சரிபார்ப்பது என்பது அவன் புத்திக்கே எட்டவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஞானராஜ் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தபோதுதான், வேறு போக்கில்லாமல், ஒவ்வொரு வயராகப் பிடித்து விரலாலேயே தடவிக்கொண்டு போனான். ஒண்ணு சரி. நாலு சரி. ரெண்டும் மூணும் இடம் மாறி இருந்தன.

மறுபடி தடவினான். மாறித்தான் இருந்தன. மரியாதைப்பட்ட ஒருவர் இடுப்பு வேட்டி நழுவினது தெரியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டது போல நாசருக்குக் கூச்சமாக இருந்தது. ரோட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான். இரண்டு வயரையும் உருவி மாற்றிச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினான். தும்மல் இல்லை, வெடி இல்லை. ஃபியட் சீராக ஓடியது.

சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். ஞானராஜ் வாசலிலேயே ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “ஏலே நாசரு, என்னடா பண்ணுன?”

“கண்டன்ஸர்தாண்ணே. புதுசு அம்புட்டும் டூப்ளிகேட்டு.”

“நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஞானராஜ் பானட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தார். பொய் சொன்னது நாசருக்கு உறுத்தவே இல்லை. மனுஷனுக்குக் கை தவறாதா என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலை நாசர் வந்து இறங்கும்போது ஃபியட் தும்மிக்கொண்டிருந்தது. ஞானராஜ் எப்போதும் ஏழு மணிக்கே வந்து ஷெட்டைத் திறந்துவிடுவார். நாசர் வர ஒன்பது ஆகும். “திரும்பப் போச்சுடா” என்றார். அவர் டீக்குப் போன நேரம் பார்த்து நாசர் வயரைத் தடவினான். ரெண்டும் மூணும் மாறி இருந்தன. சரிசெய்தான். ஓடியது. அதற்கு மறுநாளும் அதேதான். தானேதான் எங்கோ தப்புச் செய்கிறோமோ என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகம் வந்தது. பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்தது. கொஞ்ச நாளாக ஞானராஜ் காலண்டர் தாளில் எதையாவது எழுதி எழுதி வைக்கிறார். பன்னிரண்டு நம்பர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை விட்டுவிட்டு, “என்ன சொன்னேன்?” என்கிறார். வயசாகிறது என்று நாசர் அதையெல்லாம் கடந்துவந்திருந்தான்.

அந்த வாரம் புதன்கிழமை பழனிக்குமார் வண்டியைப் பார்க்க வந்தார். சாவியைத் திருப்பியதும் டப்பென்று கார்பரேட்டர் தீ கக்கியது. மனிதர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

“ஏனுங்க, நல்லா ஓடுதுன்னு நேத்து போன்ல சொன்னீங்களே?”

“நேத்து ஓடுச்சு சார்” என்றார் ஞானராஜ். முகம் சிவந்திருந்தது. “நான் வச்சது வச்சபடி இருந்தா இன்னைக்கும் ஓடும். யாரோ கைவைக்கிறாங்க.”

“யாருங்க வந்து கைவைக்கப் போறாங்க?”

“ஷெட்டுச் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு.” இதைச் சொல்லும்போது அவர் நாசரைப் பார்த்தார். “நான் கட்டுன இஞ்சின் ஓடக்கூடாதுன்னு ஆசப்படுறவன் எவனோ. தான் தொட்டாத்தான் ஓடும்னு பேரு வாங்கணும்ல.”

பழனிக்குமார் தரையைப் பார்த்தார். “பரவால்லைங்க, சனிக்கிழமை பதினொரு மணிக்கு வர்றனுங்க. மெதுவாப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இருபத்தெட்டு வருஷத்தில் நாசர் மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. முதல் சொல்லே வெளியாள் முன்னால் விழுந்துவிட்டது. டி.வி.எஸ்ஸை எடுத்தான். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆடிக் காற்று முகத்தில் மண்ணை வாரி அடிக்க, நேராக மேட்டுப்பட்டிக்கு விட்டான்.

ஐரின் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். “வாங்க தம்பி. வண்டி இன்னும் ஓடலையா?” என்றாள்.

“வண்டி ஓடுது மதினி. நான் வயர மாட்டுனா ஓடுது. காலையில அண்ணன் வந்து மாத்திர்றாரு. மாத்துனது அவருக்கே தெரியல.”

ஐரினின் கை கீரைக்குள் அப்படியே நின்றது. பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“பொங்கலுக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு தம்பி” என்றாள். “மக ஜெஸ்ஸி பெங்களூர்ல இருந்து பேசிட்டு வப்பா. அஞ்சே நிமிஷம், ‘ஜெஸ்ஸி ஏன் இந்த வாரம் பேசல’ம்பாரு. போன மாசம் பூசை முடிஞ்சு வந்தவரு நம்ம தெருவத் தாண்டிப் போயிட்டாரு. நான் பின்னாடியே ஓடிக் கைய பிடிச்சா, ‘புதுசா தெருவ மாத்திட்டாங்களா’ன்னு கேக்குறாரு. யார்ட்டயும் சொல்லல. ஜெஸ்ஸிகிட்டயும் சொல்லல.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மதினி.”

“ஷெட்டுல மட்டும் நல்லா இருக்காருன்னு நெனச்சிருந்தேன். ஸ்பேனரத் தொட்டா எல்லாம் ஞாபகம் வந்துரும்னு நெனச்சேன். வீட்டுல என்ன நடந்தாலும், காலையில சட்டைய மாட்டிட்டு அவரு அங்கன கிளம்புறப்ப எனக்கு மூச்சு வரும். அங்கயும் போச்சா?”

நாசர் கீழே சிதறிய கீரையைப் பொறுக்கிச் சுளகில் போட்டான்.

“இந்த ஒரு வண்டிய மட்டும் அவர் கையால குடுத்துரட்டும் தம்பி. பதினோரு மாசமா அதையேதான் பேசிட்டு இருக்காரு. குடுத்த மறுநாளே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கங்க. அவர் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க.”

“அண்ணன்தான சொன்னாரு” என்றான் நாசர். காலையில் இருந்த கோபம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. கோபமே தேவலை என்று தோன்றியது.

வியாழனும் வெள்ளியும் ஒரு வித்தியாசமும் காட்டாமல் ஓட்டினான். ஞானராஜ் அவனோடு பேசவில்லை. அவர் டீக்குப் போகும்போது வயரை மாற்றுவான். அவர் வந்ததும், “பாயின்ட்ட லேசாத் தேச்சேன்ணே, ஓடுது” என்பான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், “நீ கிளம்பு, நான் பூட்டிக்கிறேன்” என்று அவனை அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை காலை நாசர் வந்தபோது, ஞானராஜ் ஃபியட்டின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகியபடி நின்றிருந்தார். பானட் திறந்து கிடந்தது.

“ஓடல” என்றார். “வா. இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிரும்.”

“என்னண்ணே?”

அவர் தலையால் சுவரைக் காட்டினார். காலண்டரில் நேற்றைய தாளில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘பிளக் வயரில் நீல மை தடவியாச்சு. நாசர் கையைப் பார்க்கவும்.’

பேரிங் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் தடவுகிற மை அது. எங்கே உரசுகிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது.

“கறுப்பு வயர்ல நீலம் தெரியாதுல்ல” என்றார் ஞானராஜ். “தொட்டவன் கைல தெரியும். கைய நீட்டு.”

நாசர் அவரைப் பார்த்தான். அவருடைய காதோரத்தில், எப்போதும் சொறிந்துகொள்ளும் இடத்தில், நீலமாக ஒரு தீற்று இருந்தது. சட்டைப் பையின் விளிம்பில் இன்னொன்று. பானட்டைத் தாங்கி நிற்கும் கம்பியில் கட்டைவிரல் அடையாளம் தெளிவாக விழுந்திருந்தது.

இவர் இன்னும் தன் கையைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால்?

“செத்த இருங்கண்ணே” என்று நாசர் இஞ்சின் மேல் குனிந்தான். எதையோ பார்ப்பது போல இரண்டு கையையும் உள்ளே விட்டு, நாலு வயரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து ஒரு உருவு உருவினான். நிமிர்ந்து, கையை விரித்து அவர் முன்னால் நீட்டினான். பத்து விரலும் நீலம்.

“நான்தாண்ணே” என்றான். “நான்தான் மாத்துனேன்.”

பிடித்துவிட்டோம் என்ற களிப்பு அவர் முகத்தில் வரும் என்று நாசர் நினைத்தான். வரவில்லை. அந்த முகம் அப்படியே தொய்ந்துபோனது.

“ஏன்டா?” என்றார். “நான் ஒனக்கு என்னடா செஞ்சேன்?”

நாசர் நீட்டிய கையை மடக்கவில்லை.

“இருபத்தெட்டு வருஷம்டா. நீயும் நானும் ஒரே எலையில தின்னுருக்கோம்டா. ஏன்டா இப்படிச் செஞ்ச?” அக்குளிலிருந்து வலது கையை உருவி, அவனை அறைய ஓங்கினார்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நாசரின் கன்னத்துக்கும் அவர் கண்ணுக்கும் நடுவே நின்ற அந்தக் கையைத்தான் அவர் பார்த்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நீலமாக இருந்தன.

கையை மெதுவாக இறக்கினார். திருப்பிப் பார்த்தார். இன்னொரு கையை எடுத்துப் பார்த்தார்.

“இது எப்படி வந்துச்சு?”

“என் கைல இருந்து ஒட்டிருக்கும்ணே.”

“நீ இன்னும் என்னயத் தொடவே இல்லையேடா.”

“நேத்து தடவுறப்பப் பட்டிருக்கும்.”

“பிரஷ்ஷுலதான தடவுனேன்” என்றார். கோளாறு தேடும்போது ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வரும் அதே நிதானம் அவர் குரலில் வந்திருந்தது. “பட்டிருந்தாலும், காலையில குளிச்சப்ப, இட்லி தின்னப்ப கைய பாத்துருப்பேன்ல. கை சுத்தமாத்தான் இருந்துச்சு. பிரஷ்ஷு இல்ல. நீயும் இல்ல. அப்ப இங்க வந்த பெறகுதான்.” கம்பியிலிருந்த கட்டைவிரல் அடையாளத்தின் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். “நாந்தானாடா நாசரு?”

நாசருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஞானராஜ் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். வெளியே ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

“எப்படி மாத்துறேன்?”

“ரெண்டையும் மூணையும்ணே. ஒவ்வொரு தடவையும் அதேதான். ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஃபோர்டு பிரிஃபெக்ட்டு” என்றார். “அதோட வரிசை அதுதான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல மொத மொத பிரிச்ச வண்டி. அது ஞாபகம் இருக்கு பாரு. ஐரினுக்குத் தெரியுமா?”

“தெரியும்ணே.”

“ரெண்டு பேருமா சேந்து என்கிட்ட மறைச்சிருக்கீங்க.” ஒரு கணம் கோபம் வந்து, வந்த வேகத்தில் போயிற்று. நாசரின் கைகளைப் பார்த்தார். “அந்த மைய எடுத்துப் பூசிக்கிட்டியே கைல. அதுக்கு நீ என்னய ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்டா.”

பிறகு அவர் எழுந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீ மாட்டு. நான் தொடல” என்றார்.

நாசர் மாட்டினான். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்தது. ஞானராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “டைமிங் ஒரு மயிரிழை முன்னாடி இருக்கு. பின்னாடி தட்டு” என்றார். நாசர் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அந்தக் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் நாசரால் தாங்க முடியாமல் இருந்தது.

பதினொரு மணிக்குப் பழனிக்குமார் வந்தார். ஞானராஜே முன்னால் போனார்.

“சார், அன்னைக்கு இவன் மேல பழி போட்டேன். கைவச்சது நான்தான். எனக்கு மறதி வந்திருச்சு. வண்டிக்கு ஒண்ணும் இல்ல. இஞ்சினக் கட்டுனப்ப நான் நல்லாத்தான் இருந்தேன். கடைசி நாலு வயர் மட்டுந்தான் தப்பு, அதையும் இவன் சரி பண்ணிட்டான்.”

“அட விடுங்கண்ணா, அதெல்லாம் எதுக்குங்க” என்று பழனிக்குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மை அவர் கையிலும் ஒட்டியது. சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை ஒட்டன்சத்திரத்துக்கு அவரே ஓட்டிப் போனார். ரோட்டு வளைவில் மறையும் வரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

“நாசரு” என்றார் ஞானராஜ். “ஒரு சத்தியம் பண்ணு. இனிமே நான் ஷெட்டுக்கு வந்தா உள்ள விடாத.”

“என்னண்ணே பேசுறீங்க?”

“இன்னைக்குப் பிளக் வயரு. தும்முச்சு, தெரிஞ்சுக்கிட்டோம். நாளைக்கு பிரேக்க மாட்டிட்டு நட்ட முறுக்காம விட்டா? அது தும்மாதுடா. எவன் வீட்டுப் பிள்ளையோ போயிரும். நான் கெஞ்சுவேன், திட்டுவேன். விடாத. புத்தி இருக்கிறப்பவே சொல்றேன்.”

நாசர் அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. அவர் கையைப் பிடித்து, “சரிண்ணே” என்று மட்டும் சொன்னான்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். வியாதிக்கு ஒரு பேர் சொன்னார்கள். மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், திருப்பிக் கொண்டுவராது என்றார் டாக்டர். ஜெஸ்ஸி வந்து பத்து நாள் இருந்து அழுதுவிட்டுப் போனாள். தினமும் சாயங்காலம் ஷெட்டைப் பூட்டிவிட்டு நாசர் மேட்டுப்பட்டிக்குப் போவான். அன்றைக்கு வந்த வண்டிகளைப் பற்றிச் சொல்வான். ஞானராஜ் கேட்டுக்கொண்டிருந்து, “அதுல ஹெட் கேஸ்கெட்டப் பாரு” என்று சரியாகச் சொல்வார். அப்படி ஆறேழு மாதம் ஓடியது.

அப்புறம் அவரிடமிருந்து ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கியது. எது போகும், எது நிற்கும் என்பதில் ஒரு நியாயமும் இல்லை. அந்தச் சனிக்கிழமை போய்விட்டது. நீல மை போய்விட்டது. தான் கேட்டு வாங்கிய வாக்கும் போய்விட்டது. அதற்கு முந்தின புதன்கிழமை மட்டும் நின்றுவிட்டது: தன் இஞ்சினில் யாரோ கைவைக்கிறான், அவன் நாசர்.

அடுத்த ஆடியில் ஒரு நாள் காலை, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு ஆட்டோவில் வந்து ஷெட்டின் முன்னால் இறங்கினார். ஐரின் குளிக்கப் போன நேரத்தில் கிளம்பி வந்திருந்தார்.

“எங்கடா ஃபியட்டு?”

“அது போயிருச்சுண்ணே. பழனிக்குமார் எடுத்துட்டுப் போயிட்டாரு. நல்லா ஓடுது.”

“பொய் சொல்ற. வெலகு, நான் பாக்கணும்.”

நாசர் வாசலில் இரண்டு கையையும் அகல விரித்து நின்றான். உள்ளே ஒரு ஜீப் சக்கரமெல்லாம் கழற்றி நின்றிருந்தது. “வேணாம்ணே. நீங்கதாண்ணே சொன்னீங்க, விடாதன்னு.”

“நான் எதுக்குடா சொல்றேன்? என் ஷெட்டுடா இது. என்னய உள்ள விடமாட்டேங்கிறதுக்கு நீ யாருடா?” அவர் நாசரின் மார்பில் குத்தினார். பலமில்லாத குத்து. நாசர் நகரவில்லை. பக்கத்து டயர் கடையிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். “பாருங்கய்யா, எல்லாரும் பாருங்க. என் வண்டியக் கெடுத்தான். இப்ப என்னயவே வெளிய நிப்பாட்டிட்டான்” என்று சொல்லி, ரோட்டோரத்து மண்ணில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஐரின் இன்னொரு ஆட்டோவில் பதறிக்கொண்டு வந்து, அவரைத் தேற்றி ஏற்றிப் போகும்வரை நாசர் அந்த வாசலை விட்டு அசையவில்லை. அசைந்தால் காலில் விழுந்து உள்ளே விட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஐரின் போன் செய்தாள். “தம்பி, கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க. ஒங்க பேரக் கேட்டாலே பதட்டமாயிடுறாரு, மாத்திரையத் துப்புறாரு. ஒங்களப் போய் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கே.” அதோடு வைத்துவிட்டாள்.

மேட்டுப்பட்டியில் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. அடுத்த வாரம், பதினைந்து வருஷமாக இங்கேயே வண்டி விடுகிற இஞ்ஞாசி வந்தார். “என்ன நாசரு, ஞானராஜ ஏமாத்தி ஷெட்டப் பிடுங்கிட்டியாமே? நம்பவும் முடியல, நம்பாமலும் இருக்க முடியல.”

நடந்ததைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். சொன்னால் நாளைக் காலைப் பூசைக்குள் ஞானராஜின் புத்தி பேதலித்த கதை தெருவெல்லாம் போகும். சிரிப்பதற்கும் நாலு பேர் இருப்பார்கள்.

“எங்களுக்குள்ள என்னமோ ஆகிப்போச்சு அண்ணாச்சி” என்றான் நாசர். “தப்பு என் பக்கந்தான்.”

இஞ்ஞாசி அவனை ஏற இறங்கப் பார்த்தார். வேலைக்கு விட வந்த வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மேட்டுப்பட்டி வண்டிகள் அதன் பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாசர் ஷெட்டைத் திறப்பதில்லை. காலைப் பூசை விடுகிற நேரத்துக்கு மேட்டுப்பட்டி மாதா கோவிலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் போய், தூணை ஒட்டினாற்போல் உட்கார்ந்துகொள்வான். அவன் மனைவி ரஃபியாவுக்குத் தெரியும்; எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்பதில்லை. கூட்டம் கலையும்போது ஐரின் கையைப் பிடித்துக்கொண்டு ஞானராஜ் வெளியே வருவார். இளைத்துவிட்டார். வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது.

ஒரு ஞாயிறு, கோவில் வாசலில் ஒருத்தர் கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்து உதைத்து வேர்த்துப்போய் நின்றார். ஞானராஜ் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். ஐரின் இழுத்தாள், அவர் வரவில்லை. அந்த ஆளிடம் ஏதோ சொன்னார். அவர் நம்பாமல்தான் பிளக்கைக் கழற்றினார், வேட்டி நுனியில் துடைத்தார், ஊதினார், மறுபடி மாட்டி ஒரு உதை உதைத்தார். வண்டி பிடித்துக்கொண்டது.

ஞானராஜ் சிரித்தார். கூட்டத்தில் அந்தச் சிரிப்பைக் காட்ட யாரையோ தேடுவது போல இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். நாசர் பெஞ்சை விட்டுப் பாதி எழுந்துவிட்டான். ஐரின் அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

அவன் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். அவர்கள் இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்து, திரும்ப வேண்டிய இடத்தில் ஐரின் அவர் தோளைத் தொட்டுத் திருப்பிக் கூட்டிப்போகும்வரை அங்கேயே நின்றான்.